பிளேன் ஏறிய சைக்கிள்

“திருச்சியில சைக்கிள் இல்லையோ அண்ணை, இங்கயிருந்து கொண்டுபோறியள்?”

பலாலி விமான நிலையத்துத் தராசில் சைக்கிளை ஏற்றி வைத்துக்கொண்டு உத்தியோகத்தர் கேட்டார். முன்சில்லைக் கழற்றி, காண்டில் பாரைத் திருப்பி, காற்றையும் இறக்கி, சாக்கும் கயிறுமாகக் கட்டிக் கொண்டுவந்திருந்தார் பரமலிங்கம். வரிசையில் நின்ற சனமெல்லாம் எட்டி எட்டி விடுப்புப் பார்த்தது.

“ஆருக்குக் கொண்டுபோறியள்?”

“இதைக் களவெடுத்தவனுக்கு.”

உத்தியோகத்தர் பகிடி என்று நினைத்துச் சிரித்தார். பரமலிங்கத்துக்குச் சிரிப்பு வரவில்லை. நாலு மாதமாக அந்த மனுசனுக்குச் சோறே இறங்கவில்லை, சிரிப்பு எங்கே வரும்?

கள்ளன் என்று பெயர் வாங்கியவன் அடைக்கலம். அறந்தாங்கிப் பக்கத்து ஆள். பாஸ்போட், விசா என்று கடதாசி ஒன்றும் இல்லாமல் வள்ளத்தில் வந்து, கிளிநொச்சியில் பரமலிங்கத்தின் வயலில் நாலு வருசம் நின்றவன். வேலைக்காரன் என்றால் அப்படியொரு வேலைக்காரன். வரம்பு கட்டுவதிலிருந்து வைக்கோல் போர் வைப்பது, சைக்கிள் துடைப்பது வரைக்கும் எல்லாம் அவன் கைதான்.

பெண்சாதியை வயிற்றுப் பிள்ளையோடு விட்டுவிட்டு வந்தவன், பிறந்த பிள்ளையின் முகம் பார்க்கவில்லை. ஊருக்குப் போக ஒரு வள்ளம் ஒழுங்குபண்ணித் தாருங்கோ என்று அவன் கேட்கும்போதெல்லாம், இந்தப் போகம் முடியட்டுமடாப்பா என்பார் பரமலிங்கம். அவனை விட அவருக்கு மனமில்லை. அவன் போனால் வயலை ஆர் பார்க்கிறது?

போன வருசம் மாசியில், அறுவடை முடிந்து சூடு அடித்த கையோடு சைக்கிள் காணாமல் போனது. சீமையிலிருந்து வந்த சாமான். சீதனத்தோடு வந்தது வேறு. அவர் மனுசி நாகேஸ்வரி தலையில் கைவைத்துக்கொண்டு இருந்துவிட்டாள். பரமலிங்கம் அடைக்கலத்தைக் கூப்பிட்டு, நீயோ எடுத்தாய் என்று கேட்டார். அவன் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை, நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். வந்த கோபத்தில் பொலிசைக் கூட்டிவந்து பிடித்துக் கொடுத்துவிட்டார்.

பொலிஸ் முதலில் சைக்கிளைக் கேட்டது, பிறகு கடதாசியைக் கேட்டது. கடதாசி இல்லாதவனை அரசாங்கம் வைத்துச் சோறு போடுமா? தலைமன்னாரில் கப்பலேற்றி ஊருக்கே அனுப்பிவிட்டது.

கார்த்திகை மழைக்குள் மாட்டுக்கு வைக்கோல் இழுக்கப்போன நாகேஸ்வரி, அங்கிருந்தே அவரைக் கூப்பிட்டாள். வைக்கோல் போருக்கு அடியில் சைக்கிள் கிடந்தது. களத்தில் தான் சாத்திவிட்டுப் போனதைக் கவனிக்காமல் ஆரோ மேலே வைக்கோலை எறிந்திருக்கிறார்கள் என்று பரமலிங்கத்துக்குப் பட்டது. ஒன்பது மாதம் கிடந்தும் ஒரு பொட்டுத் துரு இல்லை, சங்கிலி எண்ணெயில் மினுங்கிக்கொண்டிருந்தது. சீமைச் சாமான் சும்மாவே என்று நினைத்தவருக்கு, அடுத்த கணம் அடைக்கலத்தின் நினைப்பு வந்தது.

“ஒரு பாவமும் அறியாதவனைக் கள்ளனாக்கிப்போட்டியள்,” என்றாள் நாகேஸ்வரி.

கிடைத்தும் அவர் அந்தச் சைக்கிளில் ஏறவில்லை. வயலுக்கு நடந்தே போய்வந்தார். அடைக்கலம் படுத்தெழும்பின கொட்டிலைப் பார்க்கக்கூட முடியாமல் சுற்றிக்கொண்டு போவார். அந்தக் கொட்டிலில் அவன் விட்டுப்போன பழைய கடிதம் ஒன்றில் விலாசம் இருந்தது. அதைக் கண்ட பிறகு வீட்டில் இருக்க அவரால் முடியவில்லை.

கப்பலில் போனால் சைக்கிள் கொண்டுபோவது சுகம் என்று எல்லாரும் சொன்னார்கள். அவனை ஏற்றின கப்பலில் ஏற அவருக்குக் கால் எழவில்லை. அதுதான் இந்தப் பிளேன் கூத்து.

திருச்சியில் இறங்கி, சுங்கக்காரருக்குப் பதில் சொல்லியே களைத்து, சில்லைப் பூட்டிக் காற்றடித்து, பஸ்ஸின் கூரையில் போட்டு ஒருமாதிரி அறந்தாங்கி போய்ச் சேர்ந்தார். கடைசி மூன்று மைலும் உருட்டிக்கொண்டே நடந்தார். அவன் மூஞ்சையில் காறித் துப்பினாலும் வாங்கத்தான் வேணும் என்று மனதைத் திடப்படுத்திக்கொண்டார்.

அடைக்கலம் முற்றத்தில் இருந்து, ஐந்து வயசு மகளுக்குத் தலை துவட்டிக்கொண்டிருந்தான். அவரைக் கண்டதும் எழும்பினான். சைக்கிளைக் கண்டதும் அவன் முகம் வெளிறிப்போனது. அந்த முகத்தைப் பார்த்து பரமலிங்கம் உடைந்துபோனார்.

“வைக்கோலுக்குள்ளதான் கிடந்ததடாப்பா. உன்னைக் கள்ளனெண்டு சொல்லிக் கப்பலேத்திப்போட்டன். இந்தச் சைக்கிள் இனி உன்ர. என்னை மன்னிச்சிட்டனெண்டு ஒரு சொல்லுச் சொல்லு,” என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

அடைக்கலம் கையை மெல்ல விடுவித்துக்கொண்டு சைக்கிளுக்குப் பக்கத்தில் குந்தினான். சங்கிலியை விரலால் தடவிப் பார்த்தான்.

“துரு ஏறலியே ஐயா. நல்லா எண்ணெய் பூசிட்டுத்தான் உள்ள வச்சேன்.”

பரமலிங்கம் கண்ணைத் துடைக்கவும் மறந்து அவனைப் பார்த்தார்.

“நீயோ? ஏன்ரா?”

அவன் தலை குனிந்து, மகளை இழுத்து மடியில் இருத்திக்கொண்டான்.

“நாலு வருசமா நீங்க விடலியே ஐயா, சர்க்காராச்சும் அனுப்பும்னுதான்.”