சத்தியத்துக்கு நின்ற வக்கீல்

நீதிமன்றத்தில் காவலர்களைத் தவிர இருந்தவர்கள் நாலு பேர்: ரஷ்ய நீதிபதி, ஆடு மேய்க்கும் செர்கெபாய், அவன் தாய் கலாம்பிர், அவர்களுக்கு உறவினரும் கசாக் இன மக்களுக்குத் தலைவருமான வக்கீல் மிர்சகுல்.

படைக்கு ஆள் பிடிக்கும் அலுவலகத்தைக் கொளுத்திய வழக்கு. செர்கெபாய்க்குத் தூக்குதான். கசாக் வழக்கப்படி, எதிர்த்தரப்பு காட்டும் உறவுக்காரர், அவன் குற்றவாளி இல்லை என்று குர்ஆன் மேல் சத்தியம் செய்தால் விடுதலை. பொய் சொல்லாதவர், நிச்சயம் மறுப்பார் என்று எண்ணி, அரசுத் தரப்பாக நீதிபதியே வக்கீலைக் காட்டினார்.

"ஒரே ஒரு பொய், தம்பி," கலாம்பிர் கெஞ்சினாள். மகன்தான் கொளுத்தினான் என்றே அவளும் நம்பியிருந்தாள்.

வக்கீல் குர்ஆன் மேல் கை வைத்தார். "இவன் கொளுத்தல."

"எனக்காகப் பொய் சொல்லிட்டியே, தம்பி," என்று அழுதாள்.

நீதிபதி சிரித்தார். "அப்ப யாரு கொளுத்தினது, வக்கீலய்யா?"

கை இன்னும் குர்ஆன் மேல்தான் இருந்தது.

"நான்."

காவலர்கள் மகனின் விலங்கைக் கழற்றி வக்கீலுக்கு மாட்டினார்கள். அவர் உள்ளே போனதும் சிறைக் கதவைச் சாத்திப் பூட்டினார்கள்.