குழலுக்குள் குளவி

பன்றி வேட்டைக்குத் துப்பாக்கி வாங்க ஒரு வேட்டைக்காரன் வந்தான். கடைச் சுவரில் இரண்டு தொங்கின. இரண்டுமே குழல் வாய் வழியாக மருந்து கெட்டிக்கிற நாட்டுத் துப்பாக்கிகள்.

"கொஞ்சம் மினுக்கிக்கிட்டு நில்லு. இல்லேன்னா பழைய இரும்புக்குப் போட்டுடுவாங்க," என்றது புதுசு.

"போடட்டும். நான் எவனுக்கும் பல்லிளிக்க மாட்டேன்," என்றது பழசு.

அதன் குழலுக்குள் கூடு கட்டியிருந்த குளவி பதறியது. "அண்ணே, நான் காலி பண்ணிடவா?"

"பிள்ளைங்களை விட்டுட்டா? சும்மா இரு. ஊதிப் பார்க்க வாயை வைப்பான், அப்போ வா."

அடைப்பு இருக்கிறதா என்று பார்க்க வேட்டைக்காரன் பழசின் குழலில் வாயை வைத்து ஊதினான். குளவி பாய்ந்து வந்து உதட்டில் கொட்டியது.

எத்தனையோ பேர் காட்டிய பக்கமெல்லாம் சுட்ட பழசு, தானே குறி பார்த்தது அன்றைக்குத்தான்.