தேய்ந்த பட்டன்

கையில் பிடித்து ஆடும் பழைய வீடியோ கேமுக்குள் புது மெமரி கார்டு ஒன்று வந்து உட்கார்ந்தது.

"நானூறு கேம் கொண்டாந்திருக்கேன், அண்ணே. இனி உங்களுக்கு ஓய்வே கிடையாது" என்றது.

"டிஸ்க் போட்ட காலத்துல என்கிட்ட இருந்தது ஒரே கேம். இந்த வீட்டுப் பையன் முகிலன் ஆடின ஆட்டத்துல குதிக்கிற பட்டனே தேஞ்சுபோச்சு" என்றது வீடியோ கேம், அலுப்போடு.

"இப்ப எது தேயுது?"

பதில் சொல்வதற்குள் முகிலன் வந்து அதை ஆன் செய்தான். பட்டியலில் கீழே கீழே என்று நகர்ந்து, நானூறாவது பெயர்வரை போனான். எதையும் திறக்கவில்லை.

"ஆடுற மாதிரி ஒண்ணுமே இல்ல" என்று, இன்னும் நூறு கேம் ஏற்றுவதற்காகக் கார்டை உருவிக்கொண்டு போனான்.

"கீழே போற பட்டன், தம்பி" என்றது வீடியோ கேம், கார்டு இருந்த காலி இடத்தைப் பார்த்து.