எவ்வளவு ஆழம் தெரியும்

"வளவுக்குள்ள இரும்பு, தகரம், குழாய் ஏதும் புதைச்சிருக்கோ அம்மா?" என்று மிதிவெடி அகற்றுபவர்களின் பொறுப்பாளர் சிவகுரு கேட்டார்.

ஞானசவுந்தரி இல்லையென்று தலையாட்டினாள்.

அவர் பின்வளவுப் பக்கம் போனார். மண்டையோட்டுப் படம் போட்ட பலகைகள் தொங்கும் கம்பிக்கு அப்பால் அவருடைய ஆட்கள் கருவிகளை இயக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சமாதானம் வந்த பிறகு யாழ்ப்பாணத்தை அடுத்த அந்தத் தீவு முழுக்க இந்த வேலை நடந்தது. சுருவில் கிராமத்தில் இவர்களுடைய வீட்டு வளவுக்கு அன்றைக்குத்தான் முறை.

விறாந்தைக் கதிரையில் மகள் யூலியானா மடியில் தாள்களோடு இருந்தாள். ஒல்லாந்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் பௌதிக ஆராய்ச்சி செய்கிறவள். விடுமுறையில் வந்தும் கணக்கு அவளை விடவில்லை.

ஞானசவுந்தரி பக்கத்தில் வந்து இருந்தாள். "நீ அங்க செய்யிறதும் இதுதானே பிள்ளை? காந்தம் கண்டுபிடிக்கிறது?"

யூலியானாவுக்கு ஆச்சரியமாக இருந்தது. இத்தனை வருடமும் அம்மா கேட்டதெல்லாம் சாப்பாட்டையும் குளிரையும் பற்றித்தான்.

தாள்களைக் கீழே வைத்துவிட்டுச் சொல்லத் தொடங்கினாள். அணுவுக்குள் இருக்கும் ஒரேயொரு இலத்திரன். மிகச் சின்னக் காந்த ஊசி போல அதற்கும் ஒரு திசை உண்டு. பக்கத்தில் காந்தம் ஏதும் இருந்தால் அந்தத் திசை மெல்லத் திரும்பும். எவ்வளவு திரும்பியது என்று பார்த்தால் காந்தத்தின் பலம் தெரிந்துவிடும். ஆனால் எல்லாவற்றையும் உணர்கிற இலத்திரன் எதையும் நெடுநேரம் வைத்திருக்காது. சுற்றியிருக்கும் சலசலப்பு அதைக் குழப்பிவிடும். அதனால் அது அறிந்ததை உடனே பக்கத்து அணுவின் கருவுக்கு மாற்றிவிட வேண்டும். கரு லேசில் அசையாது. கருவுக்குள் அந்தத் தகவல் எவ்வளவு நேரம் அழியாமல் இருக்கும் என்பதுதான் யூலியானாவின் கணக்கு.

அம்மா கவனமாகக் கேட்டாள். "எவ்வளவு ஆழத்துக்குத் தெரியும்?"

"என்ர கணக்கில ஆழமே இல்லை அம்மா. மயிரிழையைவிடச் சின்னத் தூரம். தூரம் இரண்டு மடங்கானால் காந்தத்தின்ர பலம் எட்டிலொண்டாப் போயிடும்."

"அவையின்ர கருவிக்கு?"

"அது வேற. சின்னச் சாமானெண்டால் ஒரு அடி மட்டும். பெரிய இரும்பெண்டால் இன்னும் கீழ."

"வெள்ளி? வெள்ளி காந்தத்தில ஒட்டாதே."

நல்ல கேள்வி. யூலியானா அம்மாவின் உள்ளங்கையைப் பிடித்து அதில் விரலால் வட்டம் வரைந்தாள். ஒட்டாது. ஆனால் அந்தக் கருவி அனுப்புகிற அலை பட்டவுடன் வெள்ளிக்குள் இப்படி மின்சாரம் சுழலும். அந்தச் சுழல் வெள்ளியைக் காட்டிக்கொடுத்துவிடும்.

படித்திருந்தால் அம்மா தன்னைவிட நன்றாக வந்திருப்பாள் என்று நினைத்தாள்.

"விரல் நுனியளவு வெள்ளி," என்றாள் ஞானசவுந்தரி. "மூண்டடியில."

"காட்டாது. ஏனம்மா?"

"மூண்டடிதான் வெட்ட ஏலுமாயிருந்தது. தனிய."

யூலியானாவுக்கு விளங்கவில்லை.

"ஷெல் விழுந்த அண்டு எல்லாரும் ஓடியிட்டினம். சுவாமியாரும் இல்லை. அவன்ர கழுத்தில கிடந்த வெள்ளிச் சிலுவையைக் கழற்ற எனக்கு மனம் வரேல்லை."

தொண்ணூறாம் ஆண்டு, அண்ணன் கிறகோரி இந்தியாவுக்கு வள்ளம் ஏறிவிட்டான் என்றுதான் அம்மா சொல்லியிருந்தாள். யூலியானா அப்போது யாழ்ப்பாணத்தில் விடுதியில் இருந்து படித்துக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து அவள் விசாரிக்காத அகதிமுகாம் இல்லை. இந்தமுறையும் இந்தியாவில் மண்டபம் முகாமில் இறங்கிக் கேட்டுவிட்டுத்தான் ஊருக்கு வந்திருந்தாள்.

அம்மாவின் கை இன்னும் அவளுடைய கைக்குள் இருந்தது.

"உனக்குச் சொல்ல, உன்ர பள்ளிக்கூடச் சோதினை முடியட்டும் எண்டு பாத்தனான். பிறகு நீ தேடத் தொடங்கியிட்டாய். நீ தேடத் தேட, அவன் எங்கையோ இருக்கிற மாதிரி இருந்தது பிள்ளை."

பின்வளவில் கருவியொன்று கிர்ரென்றது. ஒருவன் முழந்தாளிட்டு மண்ணைக் கிளறி, ஆணியொன்றை எடுத்து வாளிக்குள் போட்டான்.

மூன்றடி ஆழம். விரல் நுனியளவு வெள்ளி. பேசாமல் இருந்தால் அவர்கள் பின்னேரத்துக்குள் வேலையை முடித்து, கம்பியைச் சுருட்டிக்கொண்டு போய்விடுவார்கள். ஒருவருக்கும் தெரியவராது. அந்தக் கணக்கைச் செய்ய யூலியானாவுக்குத் தாள் தேவைப்படவில்லை.

அவள் எழும்பினாள்.

"தலைமாடு எந்தப் பக்கம் அம்மா?"

ஞானசவுந்தரி பின்வளவைக் கைகாட்டினாள். "பூவரசடிப் பக்கம்," என்றாள்.

யூலியானா கம்பி வரைக்கும் நடந்தாள். அதைத் தாண்டாமல் நின்று கூப்பிட்டாள்.

"சிவகுரு அண்ணை, கொஞ்சம் நிப்பாட்டச் சொல்லுங்கோ. என்ர அண்ணா அங்க இருக்கிறார்."