ஒட்டுக்குக் கீழே

சாப்பாட்டுப் பெட்டியை என் நெஞ்சில் இடிக்கிற மாதிரி நீட்டினான் அந்தக் கொன்ஸ்டபிள்.

"மே மொன மிரிஸ்த, அம்மே!"

இது என்ன மிளகாய் என்று கேட்கிறான். கேட்கவில்லை, கத்துகிறான். பொலிஸ் கேற்றடியில் பெட்டிகளோடு நின்ற மற்றத் தாய்மார் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

பார்க்கட்டும். எனக்கும் கத்தத் தெரியும். சுற்றிவளைப்பில் என் மகன் கிளெமென்றைக் கொண்டுபோன நாளிலிருந்து இந்த வெயிலில் நின்று காய்கிறேன். அடையாள அட்டையில் பிறந்த இடம் மன்னார் என்று இருந்தது. அதற்கு மேல் அவர்களுக்கு ஒரு காரணமும் வேண்டியிருக்கவில்லை. சும்மா விசாரணை, நாளைக்கு விட்டுவிடுவோம் என்றார்கள். அந்த நாளை இன்னும் விடியவில்லை.

பிள்ளையைப் பார்க்க விடமாட்டார்கள். கேட்டால் நாயைத் துரத்துவது போலத் துரத்துவார்கள். சாப்பாட்டை மட்டும் வாங்குவார்கள். கொஞ்ச நேரத்தில் பெட்டி வெறுமையாக வரும்.

இன்று வெறுமையாக வரவில்லை. திறந்து பார்த்தேன். சோறு அப்படியே இருந்தது. அடைத்துப் பொரித்த கறிமிளகாய் ஒன்று பாதி கடிபட்டுக் கிடந்தது.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. சனியன் பிடித்த அந்தக் கிளை.

கொட்டாஞ்சேனை வீட்டின் பின்வளவில், பழைய பெயின்ற் வாளிகளில் கிளெமென்ற் வளர்த்த செடிகள் அவை. எங்கள் மண்ணில் கறிமிளகாய் ஒரு மழைக்கே வேர் அழுகிச் சாகும். அதனால் வேருக்கு ஏதோ ஒரு முரட்டு உறைப்பு மிளகாய்க் கன்றை வைப்பான். அதன் தலையைச் சீவிவிட்டு, மேலே கறிமிளகாய்க் குருத்தை ஒட்டி, டேப் சுற்றிவிடுவான். வேர் உறைப்பு, காய் இனிப்பு. உறைப்பென்றாலே ஆகாத பிள்ளை. மீன்கறிக்கும் தேங்காய்ப்பால் கேட்பான்.

"டேப்புக்குக் கீழ முளைக்கிறதை எல்லாம் கிள்ளிப் போடுங்கோ அம்மா. விட்டீங்களெண்டா அடியில இருக்கிற உறைப்புச் சாதிதான் காய்க்கும்" என்று நூறு தரம் சொன்னவன்.

அவனைக் கொண்டுபோன பிறகு நான் எதையும் கிள்ளவில்லை. அவன் கைபட்ட செடியில் தளிர்க்கிற ஒன்றைக் கிள்ளியெறிய எந்தத் தாய்க்குக் கை வரும்? கீழிருந்து ஒரு கிளை கொழுகொழுவென்று கிளம்பியது. காயும் அதே பச்சைதான், கொஞ்சம் கட்டை. பாவி நான், அது நன்றாக வருகிறது என்று சந்தோஷப்பட்டேன்.

இன்று காலை அந்தக் கிளையின் காயைக் கீறும்போது கண் எரிந்தது. அழுததால் எரிகிறது என்று நினைத்தேன். செவ்வாய்க்கிழமை, கொச்சிக்கடை அந்தோனியாருக்கு விரதம். வாயில் வைத்தும் பார்க்கவில்லை.

என் தலையில் நானே அடித்துக்கொள்ள வேண்டும் போல ஆத்திரம் வந்தது. விசாரணை என்று என்னென்ன செய்கிறார்களோ, அதற்குள் பெற்றவளும் பிள்ளையின் வாயைப் பொசுக்கி அனுப்பியிருக்கிறேன்.

ஆனால் அந்த ஆத்திரத்தோடு ஒரு நிம்மதியும் சேர்ந்து வந்தது. உறைக்கிறது என்று சொல்லியிருக்கிறான். கோபித்துக்கொண்டு சோற்றை ஒதுக்கியிருக்கிறான். வீட்டிலும் அப்படித்தான் செய்வான். அவனிடமிருந்து எனக்கு வந்த முதல் செய்தி இது.

நாளைக்கு உறைப்பில்லாமல் கொண்டுவருகிறேன், கோபிக்க வேண்டாம் என்று மகனிடம் சொல்லுங்கள். மனதுக்குள் சிங்களச் சொற்களைத் தேடித் தேடிக் கோத்தேன். வாயையும் திறந்தேன்.

அப்போது கொன்ஸ்டபிள் விக்கினான்.

ஒரு விக்கல் இல்லை, விடாமல் விக்கினான். அப்போதுதான் அவன் முகத்தைச் சரியாகப் பார்த்தேன். கண் இரண்டும் சிவந்திருந்தன. மூக்கு ஒழுகியது. உதடு தடித்துப்போயிருந்தது. தண்ணீரை அள்ளி அள்ளிக் குடித்ததில் சட்டைக் கழுத்து நனைந்திருந்தது.

வெறும் பெட்டியைத் தரும்போது இவன் ஒவ்வொரு நாளும் ஒன்றைத்தான் சொல்வான். "கேவா, அம்மே. ஒக்கோம கேவா." சாப்பிட்டான் அம்மா, எல்லாத்தையும் சாப்பிட்டான். என் மகன் வயதுதான் இருக்கும், மரியாதையான பெடியன் என்று நினைத்தேன். அந்தச் சொல்லோடு வீட்டுக்குப் போய்ப் படுப்பேன். பிள்ளைக்கு நல்ல பசி என்று அடுத்த நாள் இன்னும் கூட்டி வைப்பேன்.

கேவா.

சிங்களத்தில் அந்தச் சொல்லுக்கு ஆள் கிடையாது. நான் சாப்பிட்டாலும் கேவா, நீ சாப்பிட்டாலும் கேவா. வாலில் ஓர் 'ஆன்' ஒட்டி, அதை என் மகனாக்கியது நான்தான்.

இவன் ஒரு நாளும் பொய் சொல்லவில்லை. தான் சாப்பிட்டதைத்தான் சொல்லியிருக்கிறான்.

பெட்டி கீழே விழுந்து சோறு சிதறியது. அவனுடைய நனைந்த சட்டையை இரண்டு கையாலும் பிடித்தேன். பின்னால் யாரோ என்னை இழுத்தார்கள். விடவில்லை. எனக்குத் தெரிந்த கொஞ்சச் சிங்களமும் எங்கோ போய்விட்டது. தமிழில்தான் வந்தது.

"எப்ப இருந்தடா இதை நீ சாப்பிடுறாய்?"

அவனுக்குத் தமிழ் தெரியாது.

ஆனால் அவனுடைய விக்கல் நின்றுவிட்டது.