ஏழு நாள் கணக்கு

ராஜபாளையத்துப் பஞ்சுக் கிட்டங்கி வாசலில் வெயில் மண்டையைப் பிளக்கிறது. கணக்குத் தெரிந்த ஒரே ஒரு ஆளுக்குத்தான் உள்ளே வேலை. மூன்று மாதமாக வேலையில்லாத தேவநேசன் சிலேட்டோடு முன்னால் நிற்கிறான். மேஸ்திரி ஐயாதுரை வெற்றிலையைக் குதப்பிக்கொண்டே கேட்கிறார்: ஒரு ஆள் நாளைக்கு ஒன்பது பொதி சுமந்தால் ஏழு நாளில் எத்தனை பொதி? பலப்பம் கிறீச்சிடுகிறது. ஐம்பத்து நான்கு.

“ஏலே, ஏழொம்பது எம்புட்டு?”

“அறுபத்து மூணு, ஐயா.”

“பொறவு ஒம்பது பொதிய எந்த மூதி தின்னுச்சு?”

“ஏழு நாள்ல ஒண்ணு ஞாயித்துக்கெழமை. அன்னைக்குக் கோயிலுக்குல்லா போவோம்.”

வரிசை மொத்தமும் சிரிக்கிறது.

“ஒன் கர்த்தரு வந்து பொதி தூக்குவாராலே? அறுபத்து மூணுன்னு எழுது, உள்ள வா.”

இந்த ஆள் கேட்பது கணக்கே இல்லை என்று தேவநேசனுக்குத் தெரியும். எழுதிவிட்டால் ஞாயிறும் இவருடையதாகிவிடும். அழிப்பதற்காக எச்சில் தொட்ட விரல் சிலேட்டுக்கு வந்து, படாமல் நிற்கிறது.

“அறுபத்து மூணு, ஐயா!” முதுகுக்குப் பின்னால் ஒரு குரல் கத்துகிறது. ஞாயிறுதோறும் கோயிலில் அவனோடு ஒரே பாயில் முழங்கால் போடும் ஞானமுத்து. மேஸ்திரி கதவைத் திறந்துவிடுகிறார். ஞானமுத்து தேவநேசனின் தோளை இடித்துக்கொண்டு உள்ளே போகிறான்.