முதலில் படுத்தவன்

“தள்ளு ரீம், நான் மொதல்ல” என்று தங்கையை விலக்கிவிட்டு, அனீஸ் சட்டையைக் கழற்றிப் பரிசோதனைக் கட்டிலில் படுத்தான்.

அவர்களுடைய அப்பா ஸுஹைருக்கு ஸ்ஃபாக்ஸ் நகரச் சந்தையில் மீன் கடை. போன வாரம் வியாபாரத்துக்கு நடுவில் தராசின் மேலேயே சரிந்தார். அடைத்திருந்த இதயக் குழாயைத் திறந்து ஸ்டென்ட் வைத்தேன். வீடே நிம்மதியானது. எனக்கு ஒரு தட்டு பக்லாவா இனிப்பு கூட வந்தது.

எனக்குத்தான் நிம்மதியில்லை. குழாய் திறந்த பிறகும் ஈசிஜியில் ஒரு கோணல் போகவில்லை.

அடைப்பு போதாதென்று, துடிப்பைக் குலைக்கும் பிறவிக் கோளாறும் அவருக்கு இருந்தது. பரம்பரையாக வருவது. நன்றாக இருக்கும் ஆளைத் திடீரென்று சாய்த்துவிடும். பிள்ளைகளையும் பார்க்க வேண்டும் என்றேன்.

ஸுஹைர் மகளை மட்டும் பார்க்கச் சொன்னார். மூத்தவன் கல் மாதிரி இருக்கிறான், அவனை எதற்கு அலைக்கழிப்பது என்றார்.

மகன் மேல் இவ்வளவு செல்லமா என்று எனக்கு எரிச்சல்.

ரீமுக்கும்தான். அண்ணனுக்கு வேண்டாதது எனக்கு மட்டும் எதற்கு என்று கட்டிலில் ஏறவே மறுத்துவிட்டாள்.

உண்மையில் அவளுக்குப் பயம். மருந்தை ஏற்றி, உள்ளே ஒளிந்திருக்கும் கோளாறை வெளியே வரவழைக்கும் பரிசோதனை அது. அபூர்வமாக, அந்த மருந்தே துடிப்பைத் தடுமாற வைத்துவிடும். அதை நான் மறைக்கவில்லை.

அதைக் கேட்டுத்தான் அனீஸ் வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்தான்.

மருந்து ஏற ஏற அவன் நெற்றி வியர்த்தது. வாயெல்லாம் துருப்பிடித்த ஆணியைச் சப்பினது போலிருக்கிறது, உன் சமையலுக்கு இது பரவாயில்லை என்று தங்கையைச் சீண்டினான். அவள் சிரித்துவிட்டாள்.

திரையில் ஒரு பிசகும் இல்லை.

அடுத்து ரீம் படுத்தாள். அண்ணன் கையை விடவில்லை. பாதி மருந்திலேயே அந்தக் கோணல் எழுந்து வந்தது, அப்படியே அப்பாவுடையது. உடனே நிறுத்தினோம்.

கண்டுபிடித்தாயிற்று. இனி அவளைக் காப்பாற்ற வழி இருக்கிறது.

அவள் உடை மாற்றப் போனதும், அப்பாவிடமிருந்து உனக்கு வராமல் போனது அதிர்ஷ்டம் என்று அனீஸிடம் சொன்னேன்.

அவன் கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

“எனக்கு வர வழியே இல்ல டாக்டர். என்னை அவங்க எடுத்து வளர்த்தாங்க. அது எனக்குத் தெரியும்னு அப்பாவுக்குத் தெரியாது, சொல்லிடாதீங்க.”